அருளம்பலம் மாஸ்டர் போட்டுப் போன சப்பாத்து

போன கிழமை அபி தொலைபேசியில் அழைத்தாள். நான் இருபத்தேழு வருடம் நின்ற வாசலில் இப்போது நிற்கும் பிள்ளை அவள்.

"அங்கிள், பாட் நியூஸ். இனி விசிற்றர்ஸ் ஒருத்தரும் சப்பாத்து கழட்டத் தேவையில்லையாம். வாசலில புளூ பிளாஸ்ரிக் கவர் குடுக்கப் போகினம். சப்பாத்துக்கு மேலயே போடலாம்."

"அப்ப றாக்கை?"

"பேஸ்மென்ற்ல வச்சாச்சு. ஆர் யூ ஓகே, அங்கிள்?"

நான் ஓகே இல்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து எங்கள் ஊர்ச் சங்கத்து ஆண்டு மலர்க்காரர் என்னிடம் கட்டுரை கேட்டபடி இருக்கிறார்கள். "பிறகு பார்ப்பம்" என்று இழுத்தடித்து வந்தேன். இப்போது கோபம் வந்துவிட்டது, எழுதுகிறேன். அந்தச் சப்பாத்து றாக்கையை அங்கே கொண்டுவந்தவன் நான். அதனால் என் வேலை போகப் பார்த்ததும் உண்மை.

நான் வேலை செய்தது போர் வரலாற்று மியூசியம் ஒன்றில். நாட்டுக்கே பொதுவான மியூசியம் என்று பெயர் பெரிதாக இருந்தாலும் அது இருந்தது ரொறன்ரோவில் ஒரு சவர்க்கார முதலாளியின் பழைய வீட்டில். முதலாளியின் பேரப்பிள்ளைகள் வீட்டைப் பராமரிக்க வழியில்லாமல் அரசாங்கத்திடம் கொடுத்துவிட, அரசாங்கம் பீரங்கிகளைக் கொண்டுவந்து உள்ளே வைத்தது. ஆனால் வீடு வீடாகவேதான் இருந்தது. சாப்பாட்டறையில் முதலாம் உலகப் போர். நூலக அறையில் இரண்டாம் உலகப் போர். முதலாளியின் மனைவி உடுப்பு மாற்றிய அறையில் பதக்கங்கள். மாடிக் குளியலறையில் கடற்படை; குளிக்கும் தொட்டிக்குள் ஒரு போர்க்கப்பலின் மாதிரி. வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி கழிவறை எங்கே என்பதுதான். ஐந்து கழிவறை உள்ள வீட்டில் நான்கில் போர் நடந்துகொண்டிருந்தது. மிச்சம் ஒன்று நிலவறையில் இருந்தது.

ஆமிக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்தவனுக்கு ஆமி மியூசியத்தில் வேலை கிடைத்ததென்று பார்க்டேலில் என்னோடு ஒரே அறையில் படுத்த பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பேசியிருந்த பத்மாவின் மாமன் ஒருவர், "பெடியன் ஆமியிலையோ?" என்று கேட்டு, கலியாணமே ஒரு மாதம் தள்ளிப்போனது. வேலையென்னவோ துப்புரவும் வாசல் காவலும்தான்.

முதல் நாள் காலை நூலக அறைக்கு விளக்குப் போடப் போனேன். மூலையில் முழுச் சீருடையில் ஒருவன் துவக்கோடு நின்றான். என் இரண்டு கையும் தாமாகவே மேலே போயின. பிறகு ஒரு கையை இறக்கி அடையாள அட்டைக்காகச் சட்டைப்பையைத் தடவினேன். பின்னால் யாரோ இருமினார்கள். மியூசியத்தின் பொறுப்பாளர் மேஜர் பெல்லமி.

அவர் சிரிக்கவில்லை. "அவர் பெயர் ஹென்றி. மெழுகுத் தலை. ஆபத்தில்லாதவர்" என்றார்.

அடுத்த நாள் நான் வரும்போது நூலக அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கடுத்த நாளும் எரிந்தது. அவர் ஓய்வு பெறும் வரைக்கும் எனக்கு முன்னால் வந்து அந்த ஒரு அறையின் விளக்கை மட்டும் அவரே போட்டுவைத்தார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை அங்கிருந்துதான் தொடங்கியது.

பயிற்சி என்று மூன்று கிழமை நடந்தது. அதில் நான் படித்தது, எங்கள் வீடுகளில் துப்புரவு என்று சொல்வதெல்லாம் அங்கே குற்றம் என்பதுதான். ஈரத் துணி கூடாது. இறகுத் துடைப்பம் கூடவே கூடாது. தூசி உறிஞ்சும் குழாயின் வாயில் மெல்லிய வலையைக் கட்ட வேண்டும். பொத்தானோ நூலோ கழன்று வந்தால் வலையில் நிற்கும். பன்றிமயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழாக, ஒரே திசையில் தட்ட வேண்டும். ஒரு தொப்பிக்கு இருபது நிமிடம். பேனா கொண்டு உள்ளே வரக்கூடாது. மை சிந்தினால் போகாது, அதனால் எல்லாருக்கும் பென்சில். புதிதாக ஒரு பொருள் வந்தால் முதலில் பருத்தி நூலால் ஓர் இலக்கம் கட்டி, ஓர் அட்டை எழுதி, பூச்சி புழு சாவதற்காக நிலவறையில் இருந்த பெரிய குளிர்பெட்டியில் ஒரு கிழமை போட வேண்டும். பக்கத்துப் பெட்டியில்தான் எங்கள் மதியச் சாப்பாடு.

அட்டைதான் மேஜருக்கு உயிர். யார் செய்தது, யார் போட்டது, எங்கே கிழிந்தது, யார் தைத்தது எல்லாம் அதில் வர வேண்டும். "பொருள் வாய் திறக்காது, சிவா. அட்டைதான் அதற்கு வாய்" என்பார். அவர் கோபித்து நான் பார்த்ததில்லை. பிழை செய்தால் "அப்படியா" என்று மட்டும் சொல்வார். அந்த "அப்படியா"வுக்குப் பதில் இரண்டு அடி போட்டிருக்கலாம் என்று தோன்றும்.

முதல் பனிக்காலம் வந்தது. தெருவில் கொட்டும் உப்பெல்லாம் சனத்தின் சப்பாத்தோடு உள்ளே வந்து, சவர்க்கார முதலாளியின் மரத்தரையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. மேஜர் முழங்காலில் நின்று ஒவ்வொரு கறையையும் அடிமட்டத்தால் அளந்து குறித்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"சேர், இது வீடுதானே? வீட்டுக்குள் வருகிறவர்கள் சப்பாத்தை வாசலில் கழற்றினால் என்ன?" என்று கேட்டேன்.

"எழுதித் தாரும்" என்றார்.

என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் ஆங்கில அறிக்கை அது. மூன்று வரி. ஒரு மாதத்தில் ஐந்து தட்டு வைத்த றாக்கை வந்தது. அதன்பிறகு சனம் காலுறையோடு பீரங்கி பார்த்தது. ஒருமுறை தோள் நிறைய நட்சத்திரங்களோடு ஒரு பெரிய இராணுவ அதிகாரி வந்தார். அவரும் கழற்றினார். இடது காலுறையில் பெருவிரல் முழுதாக வெளியே நின்றது. மேஜர் விறைத்து நின்று சலூட் அடித்தார். கண் ஒரு அங்குலம்கூடக் கீழே போகவில்லை. பயிற்சி என்றால் அதுதான்.

அந்தக் குளிர்காலத்தில்தான் எனக்குத் தலைபோகிற காரியம் ஒன்று இருந்தது. பத்மாவை இந்தியாவுக்கு எடுத்துக் கலியாணம் முடித்துவிட்டு நான் திரும்பியிருந்தேன். அவள் திருச்சியில் ஒரு வாடகை அறையில் தாயோடு இருந்தாள். அவளைக் கனடாவுக்குக் கூப்பிடும் விண்ணப்பத்தோடு வைக்க, என் வேலை நிரந்தரம் என்று ஒரு கடிதம் வேண்டும். தட்டச்சு செய்த கடிதம் மேஜரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அந்த மாத முடிவில் என் தகுதிகாண் காலம் முடிந்ததும் வைப்பதாகச் சொல்லியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் மிஸிஸ் டொரத்தி வந்தார். அவருடைய தகப்பன் இரண்டாம் உலகப் போரில் ஒல்லாந்தில் நின்றவர். வீடு திரும்பிய அன்று கழற்றிய சப்பாத்தை நிலவறையில் வைத்து, சாகும் வரைக்கும் அதை ஒருவரையும் துடைக்க விடவில்லையாம். அவர் செத்து மூன்று மாதமாகியிருந்தது. மகள் அதை மியூசியத்துக்குத் தர ஒப்புக்கொண்டிருந்தார். "சப்பாத்து எங்களிடம் நாற்பது சோடி இருக்கிறது, சிவா. அந்தச் சேறுதான் இல்லை" என்று மேஜர் எனக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலவச நாள். இலவசம் என்பதால் மல்வேர்ன் தமிழ் முதியோர் சங்கத்தை நானே அழைத்திருந்தேன். முப்பத்தாறு பேர் ஒரு மஞ்சள் பஸ்ஸில் வந்து, முப்பத்தாறு சோடி கறுப்புச் சப்பாத்தை றாக்கையில் வைத்துவிட்டு மேலே போயிருந்தார்கள். ஒரே கடையில், ஒரே மலிவு விற்பனையில் வாங்கியவை போல அநேகமாக எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

மிஸிஸ் டொரத்தி ஒரு கடதாசிப் பையை என் கையில் தந்தார். "அப்பாவைக் கவனமாகப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு மேஜரைப் பார்க்க மாடிக்குப் போனார். பையின் அடி பனியில் நனைந்து அப்போதே பிய்ந்துவிட்டது. நான் கையுறை போட்டுச் சப்பாத்தை வெளியே எடுத்தேன். சாம்பல் நிறச் சேறு காய்ந்து பிடித்திருந்தது. நிலவறைக்குக் கொண்டுபோக அடி எடுத்து வைக்கிறேன், சங்கத்து அன்ரி ஒருவர் படியில் தடுமாறினார். "ஐயோ தம்பி!" என்ற சத்தம்.

பக்கத்தில் மேசை இருந்தது. வெறும் மேசை, ஒரு மூலையில் வருகையாளர் கையெழுத்திடும் புத்தகம் மட்டும். எந்த வெள்ளைக்காரனும் சப்பாத்தை அதில் வைத்திருப்பான். புத்தகம் இருக்கிற மேசையில் சப்பாத்தா? என் கை போகவில்லை. சப்பாத்து இருக்க வேண்டிய இடத்தில், றாக்கையின் கீழ்த் தட்டில், ஒரு நிமிடத்துக்கு என்று வைத்துவிட்டு ஓடினேன்.

அன்ரிக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவருக்குத் தண்ணீர் கொடுத்து, கதிரை கொடுத்து, அவருடைய முழங்காலின் வரலாற்றைக் கேட்டு முடிப்பதற்குள் பஸ் சாரதி ஹோர்ன் அடிக்கத் தொடங்கினான். முப்பத்தாறு பேரும் ஒரேயடியாக இறங்கி வாசலில் நெருக்குப்பட்டார்கள். கோயில் வாசலில் தேர் அன்று எப்படியோ அப்படி. இரண்டு நிமிடத்தில் வாசல் வெறுமை. கீழ்த் தட்டில் ஒரு சோடி சப்பாத்து இருந்தது. உள்ளே கம்பளி வைத்த, விலைகூடிய, புத்தம்புதுச் சப்பாத்து.

ஒல்லாந்துச் சப்பாத்து இல்லை. மிஸிஸ் டொரத்தி இறங்கிவந்து என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நானும் தலையாட்டினேன். மேஜர் ஏற்கனவே பின்வாசலால் போய்விட்டிருந்தார். திங்கட்கிழமை மியூசியம் பூட்டு. எனக்குக் கடவுள் தந்தது ஒரு நாள்.

திங்கள் காலை சங்கச் செயலாளரிடம் பட்டியல் வாங்கி, ஒவ்வொரு வீடாகத் தொலைபேசியில் கேட்டேன். "நேற்று நீங்கள் போட்டுக்கொண்டு போன சப்பாத்து உங்கட சப்பாத்துத்தானோ?" இந்தக் கேள்வியை ஒரு நாளில் இருபத்தெட்டுத் தரம் கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். ஒருவர் நான் கள்ளன் என்று சொல்கிறேனோ என்று சண்டைக்கு வந்தார். ஓர் அம்மா எனக்குக் கலியாணமாகிவிட்டதா, ஊரில் எந்தக் குறிச்சி என்று விசாரித்தார். இருபத்தொன்பதாவது வீட்டில் ஒரு பெண் எடுத்தாள்.

"சப்பாத்தோ? மாமா நேற்று வந்ததிலயிருந்து அதைத்தான் மினுக்கிக்கொண்டு இருக்கிறார்."

மினுக்குகிறாரா? நான் புதுச் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு மல்வேர்ன் பஸ்ஸில் ஏறினேன்.

அருளம்பலம் மாஸ்டர் ஊரில் நாற்பது வருடம் கணக்குப் படிப்பித்தவர். கதவைத் திறந்ததும், "வாரும் தம்பி. நான் அந்தப் பீரங்கியைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு விடை கொண்டந்தனீரோ?" என்றார்.

"இல்லை மாஸ்டர். சப்பாத்து மாறிப்போச்சு."

"ஆற்றை?"

"உங்கட."

"விசர்க் கதை கதையாதையும். என்ரை சப்பாத்து எனக்குத் தெரியாதே?"

நான் புதுச் சப்பாத்தைத் தூக்கிக் காட்டினேன். "உது ஆற்றை மாஸ்டர்?"

மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "மகன் போன சனிக்கிழமை வாங்கித் தந்தது மாதிரிக் கிடக்கு."

"அதுதான்."

"அப்ப நான் போட்டு வந்தது?"

"செத்துப்போன ஒரு ஆமிக்காரன்ரை. ஐம்பது வருசத்துக்கு மேல பழசு."

மாஸ்டர் கதிரையில் இருந்தார். "அதுதான் அந்தப் பாரம்" என்றார். "ஆனா தம்பி, பஸ்ஸால இறங்கி ஸ்னோவில அவ்வளவு தூரம் நடந்தனான், ஒருக்காலும் வழுக்கேல்லை."

சப்பாத்து ஒரு பழைய பத்திரிகையின் மேல் இருந்தது. கறுப்புப் பொலிஷ் போட்டு, என் முகம் தெரியும் அளவுக்குத் துலங்கியது. என் தலையில் இடி விழுந்தது.

"மண் எங்கை மாஸ்டர்? இதில சேறு பிடிச்சிருந்தது..."

"ஓம், பிரண்டு கிடந்துது. சப்பாத்தை உப்பிடி வச்சிருக்கிறதே? கத்தியால சுரண்டிப்போட்டு, ஈரத் துணியால துடைச்சு, ரெண்டு தரம் பொலிஷ் போட்டனான்."

"சுரண்டின மண்?"

"மண்ணை ஆரும் எறிவினமே? கறிவேப்பிலைக்குப் போட்டனான்."

யன்னலோரம் கறிவேப்பிலைச் சாடி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஒல்லாந்தர் எங்கள் ஊருக்கு வந்து கோட்டை கட்டினார்கள். அவர்களுடைய மண் மல்வேர்னில் ஏழாம் மாடிக்கு வந்து எங்கள் கறிவேப்பிலைக்குப் பசளையாகக் கிடந்தது. ஒரு கரண்டி வாங்கி மேல்மண்ணை அள்ளி ஜாம் போத்தலில் போட்டேன். மாஸ்டர் பக்கத்தில் நின்று, "வேர் படாமல் எடும், வேர் படாமல் எடும்" என்றபடி இருந்தார்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வரும்போது ஒரு பொய்யை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வந்தேன். பை நனைந்து பிய்ந்தது, மண் கொட்டுண்டுவிட்டது, நான் துடைத்தேன். யாரும் மறுக்க முடியாது. மேஜர் அந்தச் சப்பாத்தைக் கண்ணால் கண்டதில்லை. பத்மாவுக்காக ஒரு பொய் சொன்னால் என்ன? உள்ளே வந்தேன். நூலக அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைக் கண்டதும் கட்டிவந்த பொய் என் வாயில் வரவில்லை. நேரே போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

மேஜர் நின்றபடியே கேட்டார். "அப்படியா" என்றார். ஜாம் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதில் ஒல்லாந்து எவ்வளவு, மல்வேர்ன் எவ்வளவு?"

"பாதிக்குப் பாதி இருக்கும், சேர்."

"ஏன் மேசையில் வைக்கவில்லை?"

சொன்னேன். புத்தகம் இருக்கிற இடம், சப்பாத்து, எங்கள் வழக்கம் என்று என் ஆங்கிலத்துக்கு எட்டிய மட்டும் சொன்னேன். அவர் போத்தலை இறக்கி வைத்தார்.

"என் அம்மாவும் சப்பாத்தை மேசையில் வைத்தால் அடிப்பாள். வீட்டில் சாவு விழும் என்பாள்" என்றார். பிறகு ஒரு வெற்று அட்டையையும் பென்சிலையும் என் முன்னால் தள்ளினார். "எழுதும். ஒன்றும் விடாமல். மிஸிஸ் டொரத்தி வியாழக்கிழமை வருவார். மன்னிப்பதும் மன்னிக்காமல் விடுவதும் அவருடைய உரிமை. அதுவரைக்கும் உமது கடிதத்தில் நான் கையெழுத்து வைக்க முடியாது."

எழுதினேன். மல்வேர்னைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் தவறுதலாக அணிந்து சென்றது, சேறு சுரண்டப்பட்டது, இரண்டு தரம் பொலிஷ், மண்ணின் ஒரு பகுதி கறிவேப்பிலைச் சாடியில். கறிவேப்பிலைக்கு ஆங்கிலம் மேஜர்தான் சொல்லித் தந்தார். புதன்கிழமை பத்மா தொலைபேசியில் கடிதம் கிடைத்ததா என்று கேட்டாள். "வருது, வருது" என்றேன். அன்று நான் சாப்பிடவில்லை.

வியாழன் மிஸிஸ் டொரத்தி வந்தார். வெள்ளைத் துணியின் மேல் சப்பாத்து பளபளவென்று இருந்தது. அட்டையை ஒருதரம் வாசித்தார். திரும்பவும் வாசித்தார். முகம் வெளிறியிருந்தது. கையுறை போடாமலே தோலை ஒரு விரலால் தொட்டார், மேஜர் தடுக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்ட ஆங்கிலமும் உடைந்து போயிற்று. கடிதமும் போச்சு, பத்மாவும் வரப்போவதில்லை என்று முடிவே கட்டிவிட்டேன்.

கடைசியில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதைப் போட்டவருக்குக் கால் கடித்ததா?"

எனக்குத் தெரியாது. மேஜர் தொலைபேசியைக் காட்டினார். அங்கேயே நின்று எடுத்தேன்.

"மாஸ்டர், அண்டைக்கு அந்தச் சப்பாத்து உங்களுக்குக் காலைக் கடிச்சதோ?"

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "ஏன் கேக்கிறீர்?"

"சப்பாத்துக்காரற்றை மகள் கேக்கிறா. பக்கத்தில நிக்கிறா."

"...கடிச்சது, தம்பி. வலது கால் சுண்டுவிரல். கொப்புளம் இன்னும் வத்தேல்லை. மருமகளுக்குச் சொல்லிப்போடாதையும். மகன் வாங்கித் தந்த புதுசை விட்டிட்டுக் கண்டதையும் போட்டதெண்டு பேசுவாள்."

"வலது கால், சுண்டுவிரல்" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

மிஸிஸ் டொரத்தி மாடிப்படியில் அப்படியே குந்தி இருந்துவிட்டார். முதலில் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தார். "அப்பா போரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த விரலைப் பற்றி மட்டும் ஐம்பது வருடம் பேசினார். பனி அள்ளாமல் தப்புவதற்குச் சொல்லும் சாட்டு என்று அம்மா சாகும் வரைக்கும் சொன்னாள். நாங்களும் நம்பவில்லை" என்றார். மூக்கைச் சீறிவிட்டு மேஜரைப் பார்த்தார். "இதையும் எழுதுங்கள்."

மேஜர் மேசைக்குப் போய் முதலில் என் கடிதத்தை எடுத்துக் கையெழுத்து வைத்தார். பிறகு பென்சிலைக் கூராக்கி, அட்டையில் என் எழுத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்:

"வலது காலின் சுண்டுவிரலைக் கடிக்கும். சாட்சிகள் இருவர்."